எனக்கு ஒருவரும் சொல்லவில்லை

நோர்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கிடையே கடல் நீண்டு நுழைந்திருக்கும் ஒரு சிறு நகரத்தில் நான் குடியிருக்கிறேன். என் வீட்டுக் கதவு மணி சென்ற ஆண்டு முழுவதிலும் நான்கு தடவைகளே ஒலித்தது. இரண்டு தடவை பொதி கொண்டுவந்தவர். ஒரு தடவை தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர். மற்றொரு தடவை வீடு மாறி வந்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போன ஒரு பெண். அயலவர்கள் பகை பாராட்டுபவர்கள் அல்லர். காணும்போது தலையசைப்பார்கள், பனிக்காலத்தில் என் வாசற்படிக்கும் சேர்த்து உப்புத் தூவுவார்கள். ஆனால் தெரிவிக்க வேண்டிய எதையும் வாயால் தெரிவிப்பதில்லை. தெருமுனையில் தபாற்பெட்டிகளுக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. பூனை தொலைந்தாலும், தண்ணீர் வெட்டப்பட்டாலும், கூட்டம் நடந்தாலும் அதில் ஒரு கடதாசியைக் குத்திவிட்டுப் போய்விடுவார்கள். குத்திய கணமே ஊருக்கெல்லாம் அறிவித்தாயிற்று என்று அவர்கள் மனம் நிம்மதியடைந்துவிடும்.

அந்தக் கடதாசியால் எனக்கு நேர்ந்த மனக்குறையையும், அதன் தொடர்ச்சியாக எங்கள் தெருவின் பொதுமண்டபம் கைநழுவிப் போகவிருந்ததையும், சென்ற சனிக்கிழமை நடந்ததையும் ஊரிலுள்ளோரும் என்னைப் போல வந்தோரும் அறிய எழுதுகிறேன். நிதானமாக எழுதுவதே என் வழக்கம். இம்முறை பேனா எனக்கு முன்னே ஓடுகிறது. வாசகர் பொறுத்தருள வேண்டும்.

பொதுமண்டபத்தை இங்கே கிரெண்டஹூஸ் என்பார்கள். சிவப்பு நிறம் பூசிய பழைய மரக்கட்டிடம். சனிக்கிழமைகளில் இங்குள்ள எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு அங்கேதான். புதன்கிழமைகளில் பெண்கள் கூடுவார்கள். என் மனைவி புவனேஸ்வரிக்கு இந்நாட்டு மொழி வசப்படவில்லை. வந்த முதல் ஐந்து பனிக்காலங்களையும் அவர் யன்னற்சீலையை விலக்காமலே கழித்தார். வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்தத் தெருவுக்குக் குடிமாறிய பிறகு, மாத்திரை செய்யாததைப் புதன்கிழமை செய்தது. ஓர் ஈரானியப் பெண்ணோடும் மூன்று நான்கு நோர்வேஜிய மூதாட்டிகளோடும் பின்னல் வேலை செய்தபடி, பொதுவான ஒரு மொழியும் இல்லாமல், மணிக்கணக்காகச் சிரித்துவிட்டு வீடு திரும்புவார். ஆகவே அந்த மண்டபம் போனால் எங்கள் வீட்டிலிருந்து எது போகும் என்பது எனக்குத் தெரியும்.

இத்தெருவுக்கு வந்த முதல் வசந்தத்திலேயே பலகையில் அந்தச் சொல்லைக் கண்டேன்: டுக்னாட். ஊரார் கூலியின்றிக் கூடிச் செய்யும் பொதுவேலை. நம் நாட்டில் சிரமதானம் என்போமே, ஏறக்குறைய அது. சனிக்கிழமை காலை பத்து மணி, மண்டபத்து முற்றம், எல்லோரும் வருக என்று எழுதியிருந்தது. நான் எட்டு மணிக்கே குளித்து, மினுக்கிய சட்டையை அணிந்து, யன்னலருகே நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தேன். பொதுவேலைக்கு நான் பின்னிற்பவன் அல்லன். பத்து மணியாயிற்று. சனம் வாரியோடும் வாளியோடும் எங்கள் வாசலைக் கடந்து போயிற்று. ஒருவரும் படியேறவில்லை.

"அந்தா, சனமெல்லாம் கூடிற்று. போங்களன்," என்றார் மனைவி.

"ஆர் சொன்னது? சொல்லாத வேலைக்குப் போய் நிக்கச் சொல்றயா?"

"அப்ப அந்தச் சேட்டக் கழட்டி வெச்சிற்றுச் சோத்தத் தின்னுங்க."

திங்கட்கிழமை தபாற்பெட்டியடியில் இங்ரிட்டைச் சந்தித்தேன். தெருச் சங்கத்தின் தலைவி, ஓய்வுபெற்ற தாதி, உயரமான, நேரான பெண்மணி. "உங்களை நாங்கள் எதிர்பார்த்தோம்," என்றார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், "எனக்கு ஒருவரும் சொல்லவில்லை," என்றேன். அவர் முகத்தில் உண்மையான வியப்புத் தோன்றிற்று. கையால் பலகையைக் காட்டினார். "இதோ, இங்கே சொல்லியிருந்தோமே?" "அது கடதாசி." "ஆம், கடதாசி." "கடதாசி சொல்லாது." அவர் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நான் எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறேன் என்று முடிவு செய்துகொண்டார் போலும், மிகுந்த கனிவோடு தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வசந்தத்தில் கடதாசி இருமடங்கு பெரிதாயிற்று. அதற்கடுத்த வசந்தத்தில் அது தமிழிலேயே வந்துவிட்டது! இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்திருந்தார்கள். நோர்வேஜிய மொழியில் குப்பை வாரிக்கும் கிழித்தலுக்கும் ஒரே சொல். ஆகவே, வாரி கொண்டுவரும்படி கேட்ட வாக்கியம், "எல்லோரும் கிழிப்பதை எடுத்து வாருங்கள்" என்று தமிழில் எங்களை வரவேற்றது. பனிச்சங்கேணியிலிருந்து வந்து இங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் தேவராசா அதை வாசித்துவிட்டு, மணியடிக்கவும் பொறுக்காமல் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான்.

"என்னத்த அண்ணன் கிழிக்கச் சொல்றாங்க? இருவது வருசமா இஞ்ச வந்து கிழிச்சது காணாதாமா?"

சிரித்தோம். சிரித்தோமே தவிர, அந்த ஆண்டும் எங்களில் ஒருவரும் போகவில்லை.

'சொல்லுதல்' என்ற சொல்லுக்கு எங்கள் பகுதியில் உள்ள கனத்தை இந்நாட்டு மொழியில் எப்படி இறக்கி வைப்பது? கலியாணத்துக்குச் சொன்னார்கள், கோயில் வேலைக்குச் சொன்னார்கள் என்போம். செய்தியை அறியத் தருவது அல்ல அது. ஓர் ஆளை ஆளாக மதித்து, அவருடைய படலையைத் தாண்டி உள்ளே வந்து, கணவனுக்கும் மனைவிக்கும் நேரில் வாயால் அழைப்பது. என் தகப்பனார் வவுணதீவுப் பக்கத்தில் எங்கள் வட்டைக்கு விதானையாராக இருந்தார். வட்டை என்றால் ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் வயற்பரப்பு; விதானையார் அதன் தலைவர். பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் அந்த வாய்க்காலைக் கமக்காரர் எல்லோரும் கூடித் துப்புரவு செய்தாக வேண்டும். கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்ட அரச அலுவலகத்திலிருந்து, முறைப்படி அறிவித்தல் வரும். சங்கக் கடைச் சுவரில் ஒட்டப்படும். அதைப் பார்த்து ஒரு மண்வெட்டிகூட வந்ததில்லை. தகப்பனார் வீடு வீடாகப் போவார். பாயில் இருந்து, வெற்றிலை போட்டு, மழை, மாடு, மகளின் பேறு எல்லாம் பேசி முடித்து, எழும்பும்போதுதான் வந்த காரியத்தை எடுப்பார்: "ஞாயித்துக்கிழமை வாய்க்கால் வேல. சொல்ல வந்தன்." வீட்டுக்காரர், "ஓம் விதானையார், சொன்னாக் காணும்," என்பார். சொன்னதே போதும் என்னும் அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்தவரும் வருவார்.

இனி எழுதுவதை இதுவரை என் மனைவியிடமும் சொன்னதில்லை. நகரத்துக் கல்லூரியில் நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓராண்டு தகப்பனாருக்குக் கால் வீங்கிவிட்டது. வட்டைக்குச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தார். பெரிய வீடுகளுக்கெல்லாம் போனேன், இருந்தேன், தேநீர் குடித்தேன். கடைசி வீடு வாய்க்காலின் கடைமடையில், கணபதிப்பிள்ளை என்பவருடையது. பாதை முழங்கால் சேறு. நான் வெள்ளைக் காற்சட்டை அணிந்திருந்தேன். றோட்டிலேயே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஞாயிறு வாய்க்கால் வேல!" என்று கூவிவிட்டுத் திரும்பினேன். முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தது நினைவிருக்கிறது.

"கணவதிக்குச் சொன்னயா மனே?"

"சொன்னன் அப்பா."

ஞாயிற்றுக்கிழமை கணபதிப்பிள்ளையும் அவருடைய இரு சகோதரர்களும் வரவில்லை. அவர்களுக்குரிய பங்கு வெட்டப்படாமலே கிடந்தது. முதல் தண்ணீர் திறந்தபோது அந்த இடத்தில் அடைத்துக்கொண்டு, கரையை உடைத்து, விதைத்திருந்த கடைமடை வயல்களை வாரிக்கொண்டு போயிற்று. அவர்களுடைய வயலும் அதில் ஒன்று. வீங்கிய காலோடு தகப்பனார் அங்கே போனார். நானும் பின்னால் நின்றேன். கணபதிப்பிள்ளை கோபிக்கவில்லை. "விதானையார், றோட்டுக்குச் சொன்னா றோட்டுத்தான் வேலைக்கு வரும்," என்றார். தகப்பனார் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். அதன் பின்னர் அவர் இறக்கும்வரை அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

இவ்வாண்டு வசந்தத்தில் கொம்மூன், அதாவது இங்குள்ள நகரசபை, தெருச் சங்கத்துக்குக் கடிதம் அனுப்பியது. கவனிக்க ஆளில்லாத மண்டபங்களை மூடப்போகிறார்களாம். எங்கள் மண்டபம் தப்ப வேண்டுமானால் செப்டெம்பர் முடிவதற்குள் குடியிருப்பாளர்களே கூடி அதற்கு நிறம் பூசிப் பழுது பார்க்க வேண்டும். அந்த டுக்னாட்டைப் பார்க்க ஓர் உத்தியோகத்தர் நேரில் வருவார். ஓகஸ்ட் கடைசியில் இங்ரிட் என்னைத் தபாற்பெட்டியடியில் நிறுத்தினார். கனிவு இருந்தது, களைப்பும் இருந்தது. "மண்டபத்தை அதிகம் பயன்படுத்துபவர்கள் உங்கள் மக்கள். ஒருமுறைகூட வேலைக்கு வராதவர்களும் உங்கள் மக்களே. உத்தியோகத்தருக்கு நான் என்ன சொல்ல?" என்றார்.

ஊரில் நான் செய்த நாற்பதாண்டு அரச சேவையில் என் பெயருக்கு ஒரு கரும்புள்ளி விழுந்ததில்லை. அன்று முழு இனத்தின் பெயரோடும் சேர்ந்து அது விழுந்துவிட்டதை உணர்ந்தேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி கையிலிருந்த பின்னலைக் கீழே வைத்தார்.

"புதன்கிழமை இல்லாட்டி எனக்கு இந்த வீட்டில என்ன வேல இரிக்கி?" என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்க போய் எங்கட ஆக்களுக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னா வருவாங்க."

"நான் எப்பிடிச் சொல்ற? எனக்கே இன்னும் சொல்லல்லயே!"

"அப்ப அவவ வந்து உங்களுக்குச் சொல்லச் சொல்லிக் கேளுங்க."

"எனக்குச் சொல்லு எண்டு நான் கேக்கிறதா? அதுக்கு ரெண்டு காலையும் மடக்கி வீட்டுக்குள்ள கிடக்கலாம்."

"கிடங்க," என்றார் மனைவி. "நான் பாக்கன்."

அடுத்த புதன்கிழமை பின்னேரம் கதவு மணி ஒலித்தது. திறந்தால், என் மனைவி இங்ரிட்டின் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். மனைவி இழுத்த வேகத்தைக் கண்டு எனக்கு நெஞ்சுவலி என்றே இங்ரிட் முடிவுகட்டியிருந்தார். சப்பாத்தோடு உள்ளே பாய்ந்து என்னைக் கதிரையில் இருத்தி நாடி பார்க்கத் தொடங்கினார்.

"எங்கே வலிக்கிறது?"

"எங்கும் வலிக்கவில்லை."

"கையில்? தாடையில்?"

மனைவி குறுக்கிட்டார். "அவவச் சொல்லச் சொல்லுங்க."

"என்னத்த?"

"டுக்னாட்டுக்கு. இப்ப, இஞ்ச வெச்சு. ரெண்டு பேருக்கும்."

என்னை அழைக்கும்படி நானே மொழிபெயர்த்துக் கேட்க வேண்டிய நிலை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். இங்ரிட் என் கையை விடாமலே, "ஆனால் உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். "தெரியும்." "தெரிந்ததை ஏன் சொல்ல வேண்டும்?" நான் சொல்லத் தேடிய வாக்கியம் அப்போது எங்கிருந்தோ வந்தது. "எங்கள் ஊரில், தெரிந்தவர் வீட்டிலிருப்பார். சொல்லப்பட்டவர் வேலைக்கு வருவார்."

இங்ரிட் என் கையை விட்டார். பிறகு எழுந்து போய்ச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து, எங்களுக்கு எதிரே அமர்ந்தார். "ஆஸ்பத்திரியில் நாங்களும் அப்படித்தான் செய்வோம்," என்றார். "நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியானாலும் பக்கத்தில் இருந்து சொல்வோம்." பின்னர் எங்கள் இருவர் பெயரையும் தடுமாறித் தடுமாறி முழுதாக உச்சரித்தார். "புவானேஷ்வாரி. நாகாலிங்யாம். செப்டெம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, பத்து மணிக்கு, டுக்னாட். நீங்கள் இருவரும் வர வேண்டும்."

"சொன்னாக் காணும்," என்றேன், தமிழில். அதன் பொருளைக் கேட்டார். வருகிறோம் என்று பொருள் என்றேன்.

அன்றிரவு நான் தூங்கவில்லை, பெயர்ப்பட்டியல் எழுதினேன். காலையில் தேவராசா காரோடு வந்தான். எந்த வீட்டில் தொடங்குவது என்பதில்தான் சிக்கல் இருந்தது. அருளம்பலம் மாஸ்டரும் நானும் ஆறு ஆண்டுகளாகப் பேசுவதில்லை. வாணி விழாவில் யார் விளக்கேற்றுவது என்பதில் வந்த மனத்தாங்கல். நியாயம் என் பக்கமே என்பதை இன்றும் சொல்வேன்.

"மாஸ்டருக்கு ஃபோனில சொல்லுவமா அண்ணன்? இல்லாட்டிக் கடைசியாப் போவமா?"

"முதல் வீடு மாஸ்டருடையது," என்றேன். "தெருவில காரை நிப்பாட்டாத. படிவரைக்கும் நான் நடந்து போகணும்."

மாஸ்டர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆ, பெரியவர்! பாத மறக்கல்லயா?"

"மறக்கிற பாதயா மாஸ்டர்?"

இருந்தோம். முழங்கால் நோவு, பேரப்பிள்ளைகள், ஊரில் மழை, எல்லாம் பேசினோம். எழும்பும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "எனக்கு முன்ன எத்தின வீட்டுக்குச் சொன்னீங்க?"

"இதுதான் முதல் வீடு."

மாஸ்டர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "இஞ்ச வாகா! நமக்குச் சொல்ல வந்திரிக்காரு!"

உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எங்கள் ஆட்களோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. நோர்வேஜியர் வீடுகளின் மணியையும் அழுத்தினேன். மேல்வீட்டில் தனியே வாழும் ஓத்முன் என்ற முதியவர் கதவை நான்கு விரலளவு திறந்து, "லொத்தர்ச் சீட்டு வேண்டாம்," என்றார். விற்க வரவில்லை, டுக்னாட்டுக்குச் சொல்ல வந்தேன் என்றேன். "பலகையில் பார்த்தேனே." "பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தேன்." கதவு அப்படியே நின்றது. பிறகு அகலத் திறந்தது. "கோப்பி குடிப்பீர்களா?"

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றை எழுதியாக வேண்டும். வாயால் சொல்லும் எங்கள் முறையே மேல் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். எங்கள் முறையில் ஓர் அழைப்பு உறவாகிறது, உறவு கடமையாகிறது, கடமை மண்வெட்டியைத் தூக்குகிறது. உண்மை. ஆனால் அதே முறையில் முதல் வீடு என்று ஒன்றுண்டு, கடைசி வீடு என்று ஒன்றுண்டு, றோட்டில் நின்று கூவப்படும் வீடு என்றும் ஒன்றுண்டு. சொல்லாமல் விட்டே ஒரு குடும்பத்தை ஊரிலிருந்து விலக்கிவைக்கவும் அதனால் முடியும். பலகைக் கடதாசிக்கு முதல் வீடு தெரியாது, கடைசி வீடு தெரியாது. 'எல்லோரும்' என்று எழுதினால் அதில் தானும் அடக்கம் என்று இந்நாட்டவர் ஐயமின்றி நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை எனக்கு எவரும் சிறுவயதில் ஊட்டவில்லை. கணபதிப்பிள்ளைக்கும் ஊட்டியிருக்க மாட்டார்கள். அதே கடதாசி ஓத்முன்னை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரவில்லை என்பதும் உண்மை.

சனிக்கிழமை மழை பெய்யவில்லை; இக்கரையில் செப்டெம்பரில் அதுவே பெரிய காரியம். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முற்றத்தில் இங்ரிட்டும் நானும் மனைவியுமே நின்றோம். அப்போது என் நாடியைப் பார்த்திருந்தால் இங்ரிட் அம்புலன்ஸ் அழைத்திருப்பார். பிறகு வளைவில் தேவராசாவின் கார் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் மாஸ்டர், மனைவி, இரண்டு மகள்மார், மருமகன், இரவல் ஏணி! கார்கள் நிற்க இடமின்றித் தெருவை அடைத்தன. பிள்ளைகள் தூரிகைக்குச் சண்டை பிடித்தார்கள். பலகை இழைத்தவர்கள், கூரைப்பீலி துடைத்தவர்கள், வேலையைவிட ஆலோசனை அதிகம் தந்தவர்கள் என்று முற்றம் கோயில் வீதியைப் போல இரைந்தது. ஓத்முன் ஒரு பெட்டி நிறைய ஆணிகளோடு வந்தார். அவர் ஏணியில் ஏற முற்பட, என் மனைவி கீழே நின்று, "இறங்குங்க! விழுந்தா ஆர் பாக்கிற?" என்று தமிழில் அதட்ட, அவர் ஒரு சொல்லும் விளங்காமல் பணிந்து இறங்கினார். மனைவியின் உறைப்பு றோல்ஸும் ஈரானியப் பெண்ணின் கேக்கும் இங்ரிட்டின் வாஃபலும் ஒரே மேசையில் இருந்தன. றோல்ஸ்தான் முதலில் முடிந்தது.

கொம்மூன் உத்தியோகத்தர் இளம்பெண். கையில் குறிப்பேட்டோடு வந்தவர், கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தார், ஆட்களை எண்ணத் தொடங்கினார், இடையில் எண்ணிக்கையைத் தவறவிட்டுச் சிரித்தார். கடிதம் பின்னர் வரும், ஆனால் மூடும் பட்டியலில் இந்த மண்டபம் இராது என்று இங்ரிட்டிடம் அங்கேயே சொல்லிவிட்டார். இங்ரிட் அதை ஏணியில் நின்ற எனக்கு உரத்துச் சொன்னார். நான் மனைவிக்குச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேநீர் ஊற்றப் போனார்.

அப்போது என் சட்டைப் பையில் கைபேசி துடித்தது. எங்கள் வட்டைக்காரர் செய்தி பரிமாறும் குழு. ஊரில் மத்தியானம் கடந்திருக்கும். வாய்க்கால் வேலையில் இடுப்பளவு தண்ணீரில் மண்வெட்டிகளோடு நிற்பவர்களின் படம்; அதன் கீழ் வந்தோர், வராதோர் என்று இரண்டு பட்டியல்கள். வயலில் என் பங்கு இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது. வராதோரில் ஏழாவது பெயர் என்னுடையது. வட்டைக் குழுவின் செயலாளர் இப்போது என் தங்கையின் மகன். ஏணியில் நின்றபடியே அழைத்தேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே மனே!"

"என்ன மாமா, குறூப்பில போட்டதுதானே? பாக்கல்லயா?" தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக அவன் கத்தினான். "இப்ப ஆர் மாமா வீடு வீடாப் போற?"

பேச்சு முடிந்து பட்டியல் மறுபடி திரையில் வந்தது. என் பெயரைப் பெரிதாக்கிப் பார்க்கப் பெருவிரலை வைத்தேன். காயாத சிவப்பு நிறம் எழுத்துகளின்மேல் அப்பிக்கொண்டது. கீழே இங்ரிட் தம்முடைய தாளை வைத்துக்கொண்டு, வந்திருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து அடையாளமிட்டார். "நாகாலிங்யாம்!" என்றார். இருக்கிறேன் என்று அவருடைய மொழியில் பதில் சொன்னேன். பெருவிரலை இன்னும் எடுக்கவில்லை.